நுளம்பு ஏறாத மலை

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, எந்தக் கண்டத்துக்கும் அணித்தாக இன்றி, எரிமலைக் குழம்பினால் எழுந்தவை ஹவாய்த் தீவுகள். 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு குருவியினம் அங்கே குடியேறி, காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களாகப் பெருகியது. விதையுடைக்கத் தடித்த சொண்டு, பட்டைக்குள்ளிருந்து புழுவெடுக்கக் கொக்கிச் சொண்டு, தேனுறிஞ்ச வளைந்த சொண்டு என உணவுக்கேற்ற கருவியை ஒவ்வோர் இனமும் பெற்றது. தேனுண்பனவற்றுள் 'இவீ' செந்நிறமானது. லொபீலியாச் செடியின் வளைந்த பூவினுள் அதன் சொண்டு, உறையில் வாள் நுழைவதுபோல நுழையும்.

'மாமோ' என்னும் மற்றொன்று கரிய உடலிற் சில மஞ்சள் இறகுகளைக் கொண்டிருந்தது. அவ்விறகுகள் அரசருக்கு உரியவை. தீவுகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதலாம் கமேஹமேஹா மன்னரின் மஞ்சட் போர்வை இன்றும் ஹொனலூலுவின் பிஷப் அரும்பொருட்சாலையில் உள்ளது. தலைமுறை தலைமுறையாக இறகு கொய்யப்பட்டும் மாமோ அழிந்துவிடவில்லை.

1778ஆம் ஆண்டில் கப்டன் குக் அங்கு வந்தார். அவருக்குப் பின் கப்பல்கள் பல வந்தன. அதுவரை நுளம்பு என்பதையே அத்தீவுகள் அறிந்ததில்லை. 1826இல் மௌயித் தீவின் லஹைனாத் துறையில், திமிங்கில வேட்டைக் கப்பலொன்றின் மாலுமிகள் பழைய தண்ணீர்ப் பீப்பாக்களை ஓடையிற் கழுவியபோது, நுளம்புப் புழுக்களும் உடன் கொட்டுண்டன என்பர். பின்னர், குடியேறியோர் கொணர்ந்த அயற்பறவைகளோடு பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தது. அந்நோயை முன்னர் அறியாத உடல்கள் அதனைத் தாங்கவில்லை. காடழிப்பும், எலியும், கால்நடையும் எஞ்சியதைக் குலைத்தன. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் மாமோ மறைந்தது.

எஞ்சியவற்றைக் காத்தது மலைக்குளிரே. ஏறக்குறைய 1,500 மீற்றருக்கு மேல் நுளம்பும் நோய்க்கிருமியும் செழிப்பதில்லை. ஆனால் உலகம் வெப்பமுறுவதால் நுளம்பு மேலேறுகிறது. கவாய்த் தீவின் உச்சியே ஏறத்தாழ 1,600 மீற்றர்தான். அதற்கு மேல் பறவைக்குப் போக்கிடம் இல்லை. 2023இல் ஹவாய்ப் பறவைகளுள் எட்டு இனங்கள் அழிந்தன என ஐக்கிய அமெரிக்க அரசு முடிவாக அறிவித்தது.

அதே ஆண்டில் மௌயியில் ஒரு முயற்சி தொடங்கிற்று. ஒருவகை நுண்ணுயிர் ஏற்றப்பட்ட ஆண் நுளம்புகளை ஹெலிகொப்டர் மூலம் காடுகளில் விடுகின்றனர். ஆண் நுளம்பு கடிப்பதில்லை. அதனோடு கூடிய பெண்ணின் முட்டைகள் பொரிப்பதுமில்லை. ஒரு பொழுதிற் பீப்பாவிலிருந்து கொட்டியதை அகற்ற, ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து இறைக்க வேண்டியிருக்கிறது. மன்னரின் போர்வை கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது. இவீயின் செஞ்சிறகோ இன்னும் மலைக்காட்டிலே பறக்கிறது. அது அங்கேயே பறக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை பாடும்.