குருதிச் சுற்றோட்டமும் அதனைக் கண்ட ஒளியும்

குருதி உடலிற் சுற்றியோடுகின்றது என்பதை வில்லியம் ஹாவி 1628 இல் நிறுவியபோது, அவர் கண்ணாற் காணாத ஒன்று அவருடைய வாதத்தின் நடுவே இருந்தது. இதயம் அரைமணி நேரத்தில் வெளித்தள்ளும் குருதி உடலிலுள்ள முழுக் குருதியினும் மிகுதியாகும். ஆதலின் அதே குருதியே மீண்டும் மீண்டும் இதயத்தை அடைதல் வேண்டும் என்பது அவரது கணிப்பு. ஆயின், நாடியிலிருந்து நாளத்துக்கு அது செல்லும் வழி யாது? சதையிலுள்ள நுண்டுளைகளைக் கூறுவதன்றி அவருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 1657 இல் அவர் இறந்தார்.

நான்காண்டுகளின் பின், 1661 இல், பொலோனா நகரில் மார்ச்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் நோக்கி அவ்வழியைக் கண்டார். உயிருள்ள தவளையிற் குருதி கிளைத்தோடுவதும், உலர்த்திய நுரையீரலில் அதன் குழாய்ச் சுவர்களும் அவருக்குப் புலனாயின. (தவளைக் குலத்தையே ஏறத்தாழ அழித்துவிட்டதாக அவரே எழுதியுள்ளார்.) 1688 இல் லேவன்ஹூக் வாற்பேயின் வாலிற் குருதி ஓடுவதை விவரித்தார். இவர்கள் தவளையையும் வாற்பேயையும் நாடியமை தற்செயலன்று. ஒளி ஊடுருவத்தக்க மெல்லிய இழையம் ஆங்குக் கிடைத்தது. தடித்த இழையத்தில் ஒளி சிதறுவதால் ஆழத்திலுள்ளவை மங்கி மறைகின்றன. ஆகவே நீண்ட காலம் ஆராய்ச்சியாளர் வில்லைகளைத் திருத்தினர், ஏற்ற விலங்கைத் தேடினர். ஒளியின் இயல்பையே மாற்றிக் கையாளும் வழி அவர்களுக்கு அகப்படவில்லை. இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து.

ஓரணு இரு போட்டன்களை ஒருங்கே உறிஞ்சக்கூடும் என மரியா கோப்பேர்ட் மேயர் தமது கலாநிதிப்பட்ட ஆய்விற் காட்டியிருந்தார். அது 1931 இல் வெளிவந்தது. 1960 இல் லேசர் தோன்றிய பின்னரே அது சோதனையால் உறுதியாயிற்று. 1990 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் இதனை நுணுக்குக்காட்டியிற் புகுத்தினர். குறைவாகச் சிதறும் செந்நிறக்கீழ் ஒளி உட்செல்லும். குவியப் புள்ளியில் மாத்திரமே சாயம் ஒளிரும். குவியத்தைத் தளந்தளமாக இறக்க முப்பரிமாண விம்பம் உருவாகும். 1998 இல் எலியின் மூளை மேற்பட்டையில் 600 மைக்கிரோமீற்றர் ஆழம்வரை, தனித்தனி மயிர்த்துளைக்குழாய்களிற் குருதியோட்டம் அளக்கப்பட்டது. சாயம் குருதித் திரவவிழையத்தில் இருந்தமையாற் செங்குழியங்கள் கருநிழல்களாய் விரைந்தன.

எனினும், அரை மில்லிமீற்றரைச் சற்றே கடந்த அவ்வாழத்துக்கும் மண்டையோட்டில் ஒரு சாளரம் திறக்கவேண்டியிருந்தது. மனிதரில் அத்தகைய சாளரம் இயற்கையாகவே அமைந்த இடம் கண். 1991 இல் அறிவிக்கப்பட்ட ஒளியியல் ஒத்திசைவு வெட்டுவரைவு, தெறித்து மீளும் ஒளியைக் கொண்டு விழித்திரையின் படைகளைப் பிரித்துக் காட்டிற்று. பின்னர் வளர்ந்த அதன் கிளைமுறையொன்று ஓரிடத்தையே அடுத்தடுத்துப் படம்பிடித்து, அப்படங்களிடையே மாறுபடுவதை மாத்திரம் பிரித்தெடுக்கின்றது. அவ்வாறு மாறுபடுவது ஓடும் குருதியே. அதற்குச் சாயம் எதுவும் ஏற்றப்படுவதில்லை.