டேப்: உள்மரை வெட்டும் கருவி

உலோகத்தில் போட்ட துளையின் உட்சுவரில் மரை வெட்டும் எஃகுக் கருவி டேப். பார்வைக்கு போல்ட் மாதிரி இருக்கும். உடலில் நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் ஓடும். பள்ளத்தின் விளிம்பு உலோகத்தை வெட்ட, வெட்டுண்ட சீவல் பள்ளத்தில் ஒதுங்கும். வெளிமரை வெட்டும் கருவிக்கு டை என்று பெயர். டேப் போடுவது ஃபிட்டர் தொழிலின் பால பாடம்தான். ஆனாலும் கை தேர்ந்தவர்களும் சற்று மூச்சைப் பிடித்துக்கொண்டே செய்யும் வேலை இது. டேப் உள்ளே உடைந்துவிட்டால் அதுவரை அந்த ஜாப்பில், அதாவது வேலைத்துண்டில், செய்த அத்தனை வேலையும் வீணாகக்கூடும்.

வெளிமரையைக் கண்ணால் பார்த்து அரத்தால்கூட ராவி எடுத்துவிடலாம். துளைக்குள் அப்படிக் கை போகாது. இந்தச் சிக்கலுக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோனுடையது. அவரது ‘மெக்கானிக்கா’ குஸ்தா இப்னு லூக்காவின் அரபு மொழிபெயர்ப்பால்தான் நமக்கு எஞ்சியது. பிழிபொறிகளின் மரத்திருகுக்கு உள்மரை வெட்ட, ஏற்கெனவே மரையுள்ள ஒரு தண்டே வழிகாட்டியாகச் சுழன்று, அதில் பொருத்திய இரும்பு அலகைக் கட்டைக்குள் செலுத்தும் அமைப்பு அதில் விளக்கப்பட்டுள்ளது.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் கடிகாரங்களிலும் உலோகத் திருகுகள் புழங்கின. அக்கால டேப் என்பது பக்கங்களை அரத்தால் தட்டையாக்கிக் கெட்டிப்படுத்திய ஒரு திருகுதான். அது உலோகத்தை வெட்டியதைவிட நெரித்துத் தள்ளியதே அதிகம். வேடிக்கை என்னவென்றால், அலுமினியம் போன்ற மெதுவான உலோகங்களுக்கு இன்று விரும்பி வாங்கப்படும் ஃபார்மிங் டேப்பும் வெட்டுவதில்லை; உலோகத்தை அழுத்தி நகர்த்தியே மரையை உருவாக்குகிறது, சீவலே வராது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்மைப்படுத்திய மரை வெட்டும் லேத், ஒரே அளவு மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட வழி செய்தது. அதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்று செய்த நட் மட்டுமே சேரும். ஜோடி மாறாமலிருக்க அடையாளம் வெட்டி வைப்பார்கள். மாட்ஸ்லே தம் பட்டறைக்குள் டேப்புகளையும் டைகளையும் ஒரே வரிசை அளவுகளில் செய்துவைத்தார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் இதை நாடு முழுமைக்கும் கொண்டுபோனார். இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, சராசரி கண்டு, 1841இல் 55 பாகை கோணமும் உருண்ட முகடும் கொண்ட மரையை முன்மொழிந்தார். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் மறுப்பு வைத்தார்: உருட்டுவது கடினம், 55 பாகையை அளப்பது அதைவிடக் கடினம், 60 பாகை வைத்து முகட்டைத் தட்டையாக விட்டால் சாதாரணத் தொழிலாளியே செய்துவிடுவான். பட்டறையில் நின்று பார்த்தால் செல்லர்ஸ் சொன்னதே சரி. 1898இல் சூரிச் மாநாட்டில் ஏற்ற மெட்ரிக் மரையும் 60 பாகையையே எடுத்துக்கொண்டது.

அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு விட்வொர்த் கணக்கில் 12 மரை, செல்லர்ஸ் கணக்கில் 13. இதுபோன்ற மரை வித்தியாசம் இரண்டாம் உலகப்போரில் பெருஞ்செலவு வைத்தது. பிரிட்டனின் மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவில் தயாரிக்க ஒப்புக்கொண்ட பாக்கார்டு நிறுவனம், பிரிட்டிஷ் மரைக்கான டேப்புகளையும் டைகளையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1948 நவம்பர் 18 அன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகையில் பொது மரைக்குக் கையெழுத்திட்டன. இந்தியாவில் இப்போது ஐ.எஸ். 4218 தரப்படி மெட்ரிக் மரையே பொது வழக்கு. தண்ணீர்க் குழாய்களில் மட்டும் விட்வொர்த் பிடிவாதமாக நிற்கிறார்: நம் வீட்டு அரை அங்குலக் குழாயின் மரை இன்றும் 55 பாகைதான், அங்குலத்துக்கு 14.

டேப் போடும் துளைக்கான கணக்கு எளிது. வெளிவிட்டத்தில் மரையின் இடைவெளியைக் கழித்தால் டிரில் அளவு: எம்6க்கு 5 மி.மீ., எம்10க்கு 8.5, எம்12க்கு ஏறத்தாழ 10.2. முழு ஆழ மரைக்கு ஆசைப்பட்டுச் சின்ன டிரில் போடுவது வீண். முக்கால் பங்கு ஆழமே தாங்கும், அதற்கு மேல் டேப்பின் மீது ஏறும் முறுக்குதான் மிச்சம். கையால் போட மூன்று டேப் கொண்ட செட் உண்டு. ஃபர்ஸ்ட் டேப்பின் முனை நன்றாகச் சரிந்து துளையில் எளிதில் நுழையும். தேர்டு டேப் துளையின் அடிவரை மரையைக் கொண்டுபோகும். டேப் ரெஞ்சை இரு கையாலும் சம அழுத்தத்தில் திருப்ப வேண்டும். முன்னே அரைச் சுற்று போனால் பின்னே கால் சுற்று வர வேண்டும். அப்போது சீவல் முறிவது விரலுக்கே தெரியும். எஃகுக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் இல்லாமலே போடலாம்.

டேப் உடைவதற்கு அதன் கெட்டித்தன்மையே முதல் காரணம். கெட்டியான எஃகு வளையாது, முறியும். அடி மூடிய துளையில் சீவல் நெருக்குவது, டேப் சாய்ந்து இறங்குவது, டிரில் அளவு குறைவது ஆகியவை அதை அந்த எல்லைக்குத் தள்ளுபவை. ரெஞ்சைத் திருப்பும்போது முனை சுழலாமல் தண்டு மட்டும் ஸ்பிரிங் போல முறுக்கிக்கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கார்பன் எஃகு டேப்புகளின் காலத்தில் உடைந்ததை எடுக்க வழி இருந்தது. பழுக்கச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் டேப் மெதுவாகும். அப்புறம் டிரில் போட்டு எடுத்துவிடலாம். 1900ஐ ஒட்டி அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹை ஸ்பீடு ஸ்டீல், வேகமாக வெட்டும் டேப்பைத் தந்தது. கூடவே அந்த வைத்தியத்தையும் பறித்தது. சூட்டில் எளிதில் மெதுவாகாததுதான் அதன் சிறப்பே. டிரில்லும் அதே எஃகு என்பதால் டேப்பில் ஏறாது.

பள்ளங்களுக்குள் மெல்லிய விரல்களை இறக்கிப் பின்னோக்கித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர், இறுகாத டேப்புக்கே உதவும். துண்டு வெளியே தலை நீட்டினால் ஒரு நட்டை அதன்மேல் வைத்து வெல்டு செய்து திருப்பலாம். பித்தளைத் தட்டில் சிக்கிய எஃகுத் திருகைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் படிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கரைத்துவிடுவார்கள். எஃகு கரைய, பித்தளை நிற்கும். ஜாப்பே எஃகு என்றால் இது பலிக்காது.

உறுதியான தீர்வு மின்பொறியிலிருந்து வந்தது. 1943இல் சோவியத் ஒன்றியத்தில் லாசரெங்கோ தம்பதியர், மின்தொடர்பு முனைகள் பொறியால் அரிபடுவதைத் தடுக்க ஆராய்ந்தனர். தடுக்க முடியவில்லை; அரிப்பையே உலோகம் குடையும் முறையாக மாற்றினர். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர், அலுமினிய வார்ப்புகளில் உடைந்த டேப்பையும் டிரில்லையும் எடுப்பதற்கென்றே பொறி இயந்திரம் செய்தார்கள். மோல்டுகளும் அச்சு டைகளும் செய்யும் இன்றைய ஈ.டி.எம். (மின்பொறியால் அரிக்கும்) இயந்திரங்கள் இந்த இரு முயற்சிகளின் வாரிசுகள். பொறிக்குக் கெட்டி, மெது என்ற பேதமில்லை. செம்புக் கம்பி டேப்பின் நடுத்தண்டை மட்டும் எரித்துவிடும். பற்கள் தனித்தனித் துண்டாக உதிரும், துளையின் மரைக்குச் சேதமிராது.

பைக் என்ஜினிலோ மோட்டார் பாடியிலோ டேப் உடைந்தவர்கள் உளியையும் பஞ்ச் கருவியையும் எடுக்குமுன் ஸ்பார்க் போடும் பட்டறையை விசாரிப்பது நல்லது. அடித்துத் துளையின் வாயைச் சிதைத்த பிறகு கொண்டுபோனால், டேப் வந்தாலும் மரை மிஞ்சாது.