தகர வில்லையும் தேடற்பெட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரப்பட்டபோது, தொழிலாளியின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை கட்டப்பட்டது. தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் இலக்கம், ஆளின் இலக்கம் ஆகியன அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வழியில் எந்த அதிகாரி அவ்வில்லையைப் பார்த்தாலும், அம்மனிதன் எந்தத் துரையிடம் போய்ச் சேரவேண்டியவன் என்பது நொடியில் விளங்கிவிடும். அவனுடைய பெயரோ ஊரோ விளங்கவேண்டிய தேவை எவர்க்கும் இருக்கவில்லை. தேடிக் கண்டெடுப்பதற்காக அடையாளம் இடும் கலை மலையகத்துக்குப் புதியதன்று என்பதைக் காட்டவே இதனை முதற்கண் கூறினோம். அக்கலை அன்று உடைமையாளரின் கையில் இருந்தது.

சென்ற ஆண்டு, எம் உயர்தர வகுப்பு மாணவரைத் தத்தம் தோட்டத்தின் வரலாற்றை எழுதிவருமாறு பணித்தோம். பாடசாலை அலுமாரியில் இதற்கு உதவும் நூல்கள் இரண்டோ மூன்றோதான். ஆகவே மாணவர் கைப்பேசியை நாடினர். ஒரு மாணவி கொண்டுவந்த தாள்களில், ஊவாத் தேயிலையின் மணம், பங்களாவில் தங்குவதற்கான கட்டணம், வெள்ளையர் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்ட செய்தி எல்லாம் இருந்தன. அவற்றைப் பயிரிட்ட கைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "சேர், நம்மளப் பத்தி யாரும் எழுதலையா?" என்று கேட்டாள்.

எழுதியிருக்கிறார்கள். அது இணையத்திலும் இருக்கிறது. இருந்தும் அவள் கைக்கு ஏன் எட்டவில்லை என்பதை ஆராயப் புகுந்தபோது, அதற்கும் ஒரு வரலாறு உண்டென அறிந்தோம்.

சீர்காழியிற் பிறந்து கணித ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தினுள் நடுவணவாகிய மூன்றும் எம் மாணவியின் கேள்வியோடு நேரே தொடர்புடையன. வாசகன் ஒவ்வொருவனுக்கும் உரிய நூல் கிட்டவேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகன் வாய்க்கவேண்டும். தேடுவோனின் காலம் வீணாகலாகாது. நூலைச் சேர்த்து வைத்தால் மட்டும் நூலகம் ஆகிவிடாது, அதனிடம் போய்ச்சேரும் வழியையும் அமைக்கவேண்டும் என்பதே அவர் கருத்து.

1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்திற் குவித்துவைத்த அறிவு ஒரே இரவில் அழியும் என்ற பாடத்தை ஈழத்துத் தமிழர் அன்று கற்றனர். 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் அப்பாடத்தின் தொடர்ச்சி எனலாம். அதற்கு ஏழாண்டு முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தனர்.

ஆனால் இணையத்தில் ஏறிய தமிழ் நெடுங்காலம் தமிழாக இருக்கவில்லை. இதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். எம் நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பரவியிருந்த 'பாமினி' என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று திரையிற் காண்பதற்கு, ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டவேண்டும். கணினி சேமித்து வைப்பதும் அந்த ஐந்து குறிகளையே. தமிழ் வடிவம் வெறும் மேற்பூச்சு. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பூச்சு உதிர்ந்துபோகும். எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்குக் கண் இல்லை. அது குறிகளை மட்டுமே படிக்கிறது. ஆகவே பாமினியில் ஏற்றப்பட்ட தொழிற்சங்க வரலாறோ சிறுகதையோ தேடுபொறியைப் பொறுத்தவரை தமிழே அன்று.

எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டது. புலம்பெயர்ந்த தமிழரும் பிறரும் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்றொரு பொதுக் குறியீட்டை வகுத்தனர். தமிழ்நாட்டரசு 1999இல் 'தாம்', 'தாப்' என இரண்டை அறிவித்தது. ஒற்றுமைக்காகப் புறப்பட்டவர்களே ஒன்றுக்கு மூன்று வழி சமைத்தமை நம்மவர்க்கே உரிய சிறப்பு! இதற்கிடையில், உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் 'யூனிக்கோட்' 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அவ்வொதுக்கீட்டில் குறை கண்ட அறிஞர் உளர். அக்குறைகளை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பொறி அறிந்துகொண்டது அதன் பின்னரே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. அதனைத் தொடக்கத்திற் பெரிதும் தாங்கி வளர்த்தவர் இலங்கையரான இ. மயூரநாதன் என்பதை நாம் மறத்தலாகாது.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. இணையப் பக்கம் அமைப்பது அதுவரை குறிமொழி கற்றாரின் தொழிலாயிருந்தது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் தோன்றிய மீடியாவிக்கி, வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள்கள் அதனைப் படிவம் நிரப்பும் வேலையாக எளிதாக்கின. தலைப்புக்கு ஒரு கட்டம், உரைக்கு ஒரு கட்டம், பகுப்புக்கு ஒரு கட்டம். நூலகம் தளமும் மீடியாவிக்கியிலேயே இயங்குகிறது. அங்கே பழைய இதழ்கள் பெரும்பாலும் படங்களாகவே உள்ளன. படத்தினுள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எளிதிற் படிக்காது. எனினும் பல இதழ்களின் பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியலை யாரோ பொறுமையாகத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார். ஊதியமின்றி ஒருவர் அமைத்த அந்தப் பட்டியல்தான் கட்டுரையை வாசகனிடம் சேர்க்கும் பாலம்.

ஆசிரியராகிய எமக்கு இதனினும் சுவையாகத் தோன்றியது பெயர்ச் சிக்கல். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்ட தலைவரை ஒருவர் கோ. நடேசய்யர் என்று எழுதுகிறார். மற்றொருவர் நடேச ஐயர் என்கிறார். வேறொருவர் நடேசையர் என்கிறார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தோட்டம் சிலர் எழுத்தில் மூலோயா. அதே ஆண்டு எமது ஊவாவில், பதுளைக்கு அருகே, சமசமாஜிகளின் சங்கத்தோடு இணைந்து தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் நடத்திய தோட்டத்தை வேவஸ்ஸ, வெவெஸ்ஸ, வேவெச எனப் பலவாறு காண்கிறோம். பௌர்ணமி என்பதை 'பெ', 'ள' என இரண்டெழுத்தாகத் தட்டுவோரும் உளர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பொறிக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடற்பெட்டியில் 'லுணுகலையில்' என்று வேற்றுமையுருபோடு தேடினால் 'லுணுகலை' அகப்படாமலும் போகலாம்.

எழுத்துப் பிழை எனத் தள்ளிவிடலாகாத வேறுபாடுகளும் உள. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு எம்மக்களை 'இந்தியத் தமிழர்' என வேறாக வகுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கணக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதாக ஒதுக்கிவைத்தது. இந்திய வம்சாவளியினர், தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர் என ஒரே மக்களுக்கு ஆளுக்கொரு பெயர். 'மலையகத் தமிழர்' என்று தன்னை அறிந்த பிள்ளை அப்பெயரிலேயே தேடுகிறாள். அவளுடைய பாட்டனாரைப் பற்றிய ஆவணமோ அவரைக் 'கூலி' என்று எழுதி வைத்திருக்கிறது. இருவரும் சந்திப்பது எங்ஙனம்?

விக்கி மென்பொருளில் இதற்கு 'வழிமாற்று' என்றொரு ஏற்பாடு உண்டு. ஒருவர் எப்பெயரால் தேடிவரினும் அவரை ஒரே பக்கத்துக்கு அழைத்துச்செல்வது அது. முதற்பக்கம் எப்பெயரில் நிற்கவேண்டும், எப்பெயர்கள் வழிமாற்றாக நிற்கவேண்டும் என்பதை மட்டும் மனிதரே தீர்மானிக்கவேண்டும். அத்தீர்மானம் தொழில்நுட்பம் சார்ந்தது எனக் கருதுவோருடன் நாம் உடன்படோம்.

மாணவரோடு அமர்ந்து நாமும் ஒரு சிறு தளம் அமைத்தோம். முதலில் எம்முடைய அறியாமை வெளிப்பட்டது. பக்கங்களுக்கு 'எங்கள் ஊர்', 'மலரும் நினைவுகள்' என அழகிய தலைப்புக்கள் இட்டிருந்தோம். யார் அப்படித் தேடுவார்? 'ஹொப்டன் தோட்டம், லுணுகலை: தொழிலாளர் வரலாறு' என்று மாற்றினோம். 'அடாவத்தைத் தோட்டம்' தனிப்பக்கம் பெற்றது. புகைப்படங்களுக்குக் கமரா இட்ட இலக்கமே பெயராயிருந்தது. பெயரற்ற ஆளுக்கு இலக்கம் இட்ட தகர வில்லை நினைவுக்கு வர, ஒவ்வொரு படத்திலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை எழுத்தில் இணைத்தோம். பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைத்தோம். அதனைப் பிரதிசெய்து அனுப்பினால் 'லுணுகலை' என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 63 குறிகளாக நீள்கிறது. இணையத்தின் அடித்தளம் யாருடைய மொழியில் இடப்பட்டது என்பதை இதனாலும் அறியலாம்.

ஒரே சொல்லை நூறுமுறை அடுக்கினால் முன்னிடம் கிட்டும் என்று சிலர் கூறினர். அவ்வித்தை பழையது, தேடுபொறிகள் அதனை அடையாளங்கண்டு பின்தள்ளுகின்றன. பிற பக்கங்கள் தரும் இணைப்புக்களுக்கே அவை மதிப்பளிக்கின்றன. ஏழைப் பள்ளியின் பக்கத்துக்கு இணைப்புத் தருவோர் சிலரே; விடுதிகளுக்கோ உலகெங்கும் உளர். கூகுள் என்பது விளம்பரத்தாற் பொருளீட்டும் தனியார் நிறுவனம் என்பதும் இங்கே கருதத்தக்கது. ஆகவே விடுதிகளை வென்றுவிட்டோம் என்று நாம் கூறவில்லை. 'லுணுகலை' என்று மட்டும் தேடுவோர்க்கு எம் பக்கம் இன்றும் பின்னேதான் வருகிறது. 'தொழிலாளர்' என்ற சொல்லைச் சேர்த்தால் முன்னே வருகிறது.

அண்மையிற் கூடலூரிலிருந்து ஒரு முதியவர் எமக்கு எழுதினார். ஒப்பந்தத்தின் கீழ்ச் சிறுவனாகக் கப்பலேறியவர். தம் தந்தை 'ஆப்டன் தோட்டம்' என்றே சொல்லுவார் என்றும், பலமுறை அவ்வாறு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றும், பேரன் 'லுணுகலை' என்று சேர்த்துத் தேடிய பின்னரே எம் பக்கத்தைக் கண்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். அன்று மாலையே மாணவி 'ஆப்டன் தோட்டம்' என்பதையும் வழிமாற்றாகச் சேர்த்தாள். 'ஒப்டன்' என்றும் சொல்வார்கள் என்று வகுப்பில் வேறொருவன் கூறினான், அதனையும் சேர்த்தாள்.