அவையேறும் அடைமொழிகள்

விழா அழைப்பிதழை அச்சுக்கு அனுப்புமுன் நாம் நெடுநேரம் தயங்குவது, விருந்தினர் பெயருக்கு முன்னால் எதனை இடுவது என்பதில்தான். இத்தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

பட்டம் என்னும் சொல்லே நெற்றியில் அணியும் பொற்றகட்டைக் குறித்தது. பண்டை வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும் வணிகர்க்கு எட்டி என்றும் பட்டம் ஈந்தனர். ஏனாதிக்கு மோதிரமும் எட்டிக்குப் பொற்பூவும் உடன் சென்றன. அவர்களைப் பாடிய கபிலரும் பரணரும் இன்றளவும் ஓர் 'அர்' விகுதியோடு நிற்கின்றனர்.

ஆங்கில ஆட்சியில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என மேடைகள் நிரம்பின. புலமைக்கென 'மகாமகோபாத்தியாய' பட்டம் 1887-இல், விக்டோரியா அரசியாரின் பொன்விழாவை ஒட்டி ஏற்பட்டது. உ. வே. சாமிநாதையர் அதனை 1906-இல் பெற்றார். 1925-இல் காஞ்சி மடத்தின் 'தாட்சிணாத்திய கலாநிதி'யும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் சேர்ந்தன. அவர்தம் நூல்களின் முகப்பில் இம்மூன்றையும் கடந்தே பெயருக்கு வரவேண்டும். மக்கள் நாவில் நிலைத்ததோ, எவ்வரசும் வழங்காத 'தமிழ்த் தாத்தா'.

அக்காலத்து அக்கிராசனர் பின்னர்த் தலைவரானார், வந்தனோபசாரம் நன்றியுரையாயிற்று. இலங்கைத் தமிழ் மேடைகளில் 'பிரதம அதிதி' என்னும் வழக்கும் உண்டு. 1967-இல் அமைந்த அண்ணாவின் அரசு 'ஸ்ரீ'க்கு மாற்றாகத் 'திரு'வை அலுவல் வழக்காக்கியது.

அரசமைப்பின் 18-ஆம் பிரிவு, படை, கல்வி சார்ந்த சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதைத் தடுத்தது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்றும், ஆகவே அவற்றைப் பெயரின் முன்னோ பின்னோ இடலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நம் அழைப்பிதழ்கள் அத்தீர்ப்பைப் படித்தனவாகத் தெரியவில்லை. 2012-இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, 'எக்ஸலன்ஸி' என்னும் விளியை அயல்நாட்டவரோடு பழகும் அளவில் நிறுத்தினார். அதன் தமிழ்ப் பெயர்ப்பாயிருந்த 'மேதகு'வும் ஆளுநர் பெயரைவிட்டு இறங்கி, 'மாண்புமிகு' ஏறியது. குற்றம் அயற்சொல்லினது; தண்டனை நல்ல பழந்தமிழ்ச் சொல்லுக்கும் சேர்ந்தே கிடைத்தது.

18-ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துமேயன்றி இலக்கிய மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் கவிமாமணிகளும் கவிச்செம்மல்களும் நம்மிடையே தட்டின்றி விளைகின்றனர். கவியரங்கில் இளங்கவிஞர் ஒருவர்க்கு ஒதுக்கும் நேரம் ஐந்து மணித்துளி. விருந்தினரின் அடைமொழிகளை வாசிக்க அதனினும் மிகுதியாகிறது. குறைவது யாருடைய நேரம் என்பதை அவையினர் அறிவர். பட்டம் தரும் அன்பை நான் குறைகூறவில்லை. அவ்வன்பு விருந்தினரின் நூலைப் படித்ததன் விளைவா என்பதே என் கேள்வி.

அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழில் விருந்தினர் பெயருக்கு முன் 'திரு' அல்லது 'திருமதி' மட்டும் இட்டு, கீழே அவர் எழுதிய நூலொன்றின் பெயரை அச்சிடலாம். இதனைச் செயற்குழுவின் முன் வேண்டுகோளாக வைக்கிறேன்.