மரத்துப்போகும் ஊசியும் புராஸ்டேட் பயாப்சியும்

பல் பிடுங்கப் போனால் டாக்டர் முதலில் ஈறில் ஓர் ஊசி போடுவார். அந்த இடம் மரத்த பிறகுதான் குறடை எடுப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் புராஸ்டேட் சுரப்பியில் ஆறு இடங்களில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி, 1990களில் பல மருத்துவமனைகளில் மரத்துப்போகும் ஊசி இல்லாமலேயே நடந்தது. மருந்து இல்லாமல் இல்லை. அப்போது அந்த மருந்துக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது!

மருந்து பிறந்த கதை

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் கண் மருத்துவர், கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டுபிடித்தார். முதலில் விலங்குகளிடமும் பிறகு தன் கண்ணிலும் சோதித்தார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குப் போக அவரிடம் பணம் இல்லை. அவருடைய கட்டுரையை வேறொருவர்தான் அங்கே வாசித்தார். அதுவரை விழித்திருந்தபடியே கத்தியைத் தாங்கிய நோயாளிகளுக்கு அன்று விடிவு பிறந்தது.

கோகெய்ன் அடிமையாக்கும் மருந்து என்பதால் மாற்று தேடினார்கள். 1943-ல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரனும் பெங்ட் லுண்ட்க்விஸ்டும் லிடோகெயினை உருவாக்கினார்கள். லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1948-ல் அது சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆறு குத்துகள்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. அதற்குப் பின்னால் மலக்குடல் இருக்கிறது. அந்த வழியாக ஊசி செலுத்திச் சதை எடுக்கும் முறையை 1937-ல் அர்ஜென்டினாவின் அஸ்ட்ரால்டி எழுதி வெளியிட்டார். 1989-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜ், ஸ்டேமி குழுவினர் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்துக்கு மூன்றாக ஆறு துணுக்குகள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் அதே காலத்தில் பரவியது. அதன் அளவு கூடியவர்களை எல்லாம் பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

ஊசித் துப்பாக்கி நொடிப்பொழுதில் பாய்ந்து திரும்பிவிடும். மலக்குடலின் மேற்பகுதிச் சுவருக்குத் தோலைப்போல் குத்தும் வலி தெரியாது. ஆகவே "தாங்கிக்கொள்ளக்கூடிய வலிதான்" என்று பல டாக்டர்கள் நினைத்தார்கள். ஆனால் வலி வந்தது குடலின் சுவரிலிருந்து மட்டும் அல்ல. புராஸ்டேட்டின் உறைக்கும் அதன் நரம்புகளுக்கும் உணர்வு உண்டு.

நரம்பு எங்கே ஓடுகிறது?

இதற்கான விடை வேறொரு ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண்மை இழப்பு ஏன் வருகிறது என்று தேடிய பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் டோங்கருடன் சேர்ந்து, புராஸ்டேட்டின் இரு பக்கமும் பின்புறமாக ஓடும் நரம்புகளைக் கண்டறிந்து 1982-ல் வெளியிட்டார். நரம்பு ஓடும் இடம் தெரிந்தால் அதை மரக்கச் செய்யலாம் அல்லவா? 1996-ல் கலிபோர்னியாவில் நாஷ் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே புராஸ்டேட்டின் அடிப்பகுதிக்கு அருகில் மருந்தைச் செலுத்தினார்கள். பயாப்சியின் வலி குறைந்தது. 2000-ல் மயாமியின் சோலோவேயும் ஓபெக்கும் இதையே வலியுறுத்தி எழுதிய பிறகு இம்முறை வேகமாகப் பரவியது.

"மரக்கச் செய்யும் ஊசியும் ஒரு குத்துதானே" என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பதில் சொன்னவர்கள் நோயாளிகள். 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்து, "வலியே இல்லை", "தாங்கவே முடியாத வலி" என்ற இரு முனைகளுக்கு நடுவே தங்கள் வலி எங்கே என்று குறிக்கச் சொன்னார்கள். ஊசி போட்டவர்களின் குறி கீழே இருந்தது. மலக்குடலில் மரப்பு ஜெல் மட்டும் தடவியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. அல்ட்ராசவுண்ட் கருவியை உள்ளே நுழைக்கும்போது வரும் வலியை இந்த ஊசியாலும் முழுமையாகப் போக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இது வெறும் சௌகரியம் பற்றிய விஷயம் அல்ல. துணுக்குகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பெருகின. சந்தேகம் தீராதவர்கள் மறுபடியும் வர வேண்டும். முதல் முறை துடித்தவர் இரண்டாம் முறை வராமல் போனால், உள்ளே இருக்கும் புற்றுநோய் தெரியாமலேயே வளரக்கூடும்.

இன்று கிருமித் தொற்றைத் தவிர்ப்பதற்காக, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகப் பயாப்சி செய்யும் முறைக்குப் பலர் மாறிவருகிறார்கள். தோல் நன்றாக வலிக்கும் இடம். அங்கே மரக்கச் செய்யாமல் தொடங்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

லிடோகெயின் கடைக்கு வந்தது 1948. அதைப் புராஸ்டேட் நரம்பருகே செலுத்திப் பார்த்தது 1996. இடையில் 48 ஆண்டுகள். ஒரு வலியைத் தீர்க்க மருந்து மட்டும் போதாது; "வலிக்கிறதா?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.