மெய்ந்நிகர் சந்தையும் வணிகக் கல்வியும்

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவிலுள்ள கெடிகே எனும் கற்கோயில் தன் பழைய நிலத்தில் இன்று இல்லை. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அந்நிலத்தைக் கொள்ளவிருந்தமையால், கற்களைப் பிரித்து மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினர். பெயர்த்தமைத்த அக்கட்டடத்துள் நின்றே மாணவன் பழைய திராவிடக் கட்டடக்கலையைக் கற்கின்றான்.

வணிகக் கல்வியிலும் இங்ஙனம் அமைத்த உலகங்கள் உண்டு. அவை கணினிக்கு முற்பட்டவை. அமெரிக்காவில் 1854இல் தோன்றிய பிரையன்ற்-ஸ்ராற்றன் கல்லூரிகளில், வகுப்பறைக்குள்ளேயே வங்கி நிறுவி, கல்லூரிக்கென அச்சிட்ட போலி நாணயத்தாள்களால் மாணவர் கொள்வனவும் விற்பனவும் பழகினர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க முகாமைச் சங்கம் அப்பயிற்சியைக் கணினி விளையாட்டாக்கியது. இன்றோ, கண்களை மூடும் காட்சிக்கருவியை அணிந்த மாணவன் முப்பரிமாணக் கடையினுள்ளேயே நிற்கின்றான்.

போலித்தாளை இழந்தவனுக்கு மறுநாள் புதுத்தாள் கிடைக்கும். இம்முறையின் பயன் அதுவே, குறையும் அதுவே. கெடிகேயிற் கற்களாவது மெய்யானவை! கடன் தந்தவர் வாயிலில் வந்து நிற்கும்போது எழும் நடுக்கத்தைக் கருவி கற்பிக்கும் என நாம் நம்பவில்லை. ஆதலின், அதனை அணிவிக்குமுன் மாணவனை ஒரு மாதமேனும் மாத்தளைக் கடைத்தெருவிற் கணக்கெழுத அனுப்புதல் வேண்டும்.