பிறை வடிவக் கீறல்

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. முப்பது பகுதிகளாலான அவரது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைக் கூறுவது. ஆண்களுக்கு மார்பு பருத்துவிடின், பிறை வடிவில் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை அதில் விளக்குகிறார். உடற்கூறு அறியாது கத்தி எடுத்தோரால் நோயாளிகள் மாண்ட நிகழ்ச்சிகளையும் முன்னுரையில் எழுதி எச்சரிக்கிறார்.

இன்று மார்பகக் குறைப்புச் சிகிச்சையை நாடுவோருள் பெண்களே மிகுதி. மார்பின் பாரத்தால் கழுத்தும் தோளும் முதுகும் நோக, நாணத்தால் வாய் திறவாத சகோதரிகள் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் இல்லையென நாம் சொல்ல முடியுமா? சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. ஆலோசனை கேட்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

எனினும் இது எளிய சிகிச்சையன்று. குருதிக் கசிவு, சீழ் பிடித்தல், புண் ஆறத் தாமதம், காம்பில் உணர்வு குன்றல், பாலூட்டுவதில் குறை ஆகியன நேரலாம், தழும்பு நிலைத்திருக்கும். புகைப் பழக்கம் உடையோர்க்கு ஆபத்து கூடுதல். சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது; வீக்கம் முற்றும் வடியச் சில மாதங்கள் ஆகும். அந்நாட்களில் குடமும் குழந்தையும் சுமக்க வேறு கைகள் வேண்டும். அவை வீட்டாரின் கைகளே.

அறியாமல் அறுக்காதே என மருத்துவரை எச்சரித்தார் அஸ்ஸஹ்ராவீ. அறியாமல் இசையாதிருப்பதும், அறிந்துகொள்ள நாணாதிருப்பதும் நமது கடமையாகும்.